சென்னையை விட்டு ராஜபாளையத்துக்குக் குடிபோகலாமா?

எந்த ஊர்ல குடியிருக்கலாம்? - இந்த வாரம்: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ராஜபாளையத்தில் ஏதாவது ஒரு தெருவில் நடந்து போனால், திறந்திருக்கும் ஜன்னல் வழியாக இப்படி ஒரு பேச்சு காதில் விழ வாய்ப்பு உண்டு.

"என்னய்யா, சாப்ட்டியா?"

"சாப்பிட்டேம்மா."

"அங்க இன்னும் தண்ணி லாரிதானா?"

"ஆமாம்மா. இந்த மாசம் வாடகையும் ஏத்திட்டாங்க."

"இங்க மாடி பூராவும் சும்மாதானய்யா கெடக்கு. நீங்க வந்து இருந்தா என்ன?"

இதற்கு மேல் அந்தப் பக்கம் பதில் வராது. "பாப்போம்மா" என்று ஒரு வார்த்தை. அடுத்த ஞாயிறும் இதே பேச்சு நடக்கும்.

அந்த 'பாப்போம்' என்ற வார்த்தையைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் என்ன என்பதுதான் இந்த வாரக் கேள்வி. சென்னையில் இருப்பவர்களுக்கு வசதியான புறநகர் என்றால் பழைய மகாபலிபுரம் சாலையும் கிழக்குக் கடற்கரைச் சாலையும்தான் நினைவுக்கு வரும். மதுரைக்காரர்களைக் கேட்டால், 'காசு இருக்கிற ஊர்' என்று தென்மேற்கே சுமார் 85 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ராஜபாளையத்தைக் கை காட்டுவார்கள். தூரத்தை வைத்துப் பார்த்தால் இது புறநகர் கிடையாது. ஆனால் மதுரையில் படிப்பு, மதுரையில் ஆஸ்பத்திரி, மதுரையில் விமானம் என்று பாதி வாழ்க்கையை அங்கே வைத்துக்கொண்டு, தூங்குவதற்கு மட்டும் மலையடிவாரத்துக்குத் திரும்பி வருகிறவர்கள் இங்கே நிறைய.

ஜன்னலைத் திறந்தால் மலை

சென்னை எழும்பூரில் இரவு பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறினால், விடியும் நேரத்தில் சிவகாசி தாண்டி ஸ்ரீவில்லிபுத்தூர் வருகிறது. வலது பக்க ஜன்னல் சீட் கிடைத்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள். முதலில் ஆண்டாள் கோயில் கோபுரம், அதற்குப் பின்னால் நீலமாக மேற்குத் தொடர்ச்சி மலை. அங்கிருந்து ராஜபாளையம் 12 கிலோமீட்டர்தான். மலை கூடவே வரும்.

இந்த ஊர்க்காரர்கள் மலையை ஒரு காட்சியாகப் பேசுவதே இல்லை. 'இன்னைக்கு மேகம் இறங்கியிருக்கு' என்று வானிலை அறிக்கை போலத்தான் சொல்வார்கள். காரணம், குடிக்கிற தண்ணீரே அங்கிருந்துதான் வருகிறது. ஊருக்கு மேற்கே முடங்கியாறு சாலையில் போனால் ஆறாவது மைல் குடிநீர்த் தேக்கம். அதற்கும் மேலே அய்யனார் கோயில், அருவி, ஆறு. மலையில் மழை பெய்தால் தேக்கம் நிறையும்; தேக்கம் நிறைந்தால் தெருக் குழாயில் தண்ணீர் வரும். தங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர் எந்தப் பாறையிலிருந்து இறங்கி வருகிறது என்று நடந்துபோய்ப் பார்க்க முடிகிற ஊர்கள் தமிழ்நாட்டில் எத்தனை இருக்கும்?

இங்கேயே ஒரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். மலைக்கு மிக அருகில் இருப்பதால் இங்கே எப்போதும் சாரல் அடிக்கும் என்று நினைத்து வருகிறவர்கள் ஏமாந்து போவார்கள். இது மலையின் மழைமறைவுப் பக்கம். ஜூன், ஜூலையில் கேரளப் பக்கம் கொட்டித் தீர்க்கும்போது இங்கே மலை உச்சியில் மேகம் மட்டும் தெரியும். இந்தப் பகுதிக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை மழைதான். அது பொய்த்துப் போன வருடங்களில் தேக்கம் வறண்டு, தண்ணீர் வருவது பல நாளைக்கு ஒரு முறை என்றாகிவிடும். அதனால்தான் தாமிரபரணி கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. அந்தக் குழாய்க்காக ஒரு தடவை, பாதாளச் சாக்கடைக்காக இன்னொரு தடவை என்று ராஜபாளையத்துச் சாலைகள் தோண்டப்பட்ட கதையை ஊர்க்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். அரை நாள் பேசுவார்கள்.

ஆகவே இடம் வாங்கும் முன் பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி சதுர அடி விலை கிடையாது. "போர்ல நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியாக்கா?" என்பதுதான்.

மில் கட்டிய ஊர்

ராஜபாளையத்துக்கு வசதி எங்கிருந்து வந்தது? பஞ்சிலிருந்து வந்தது. சுற்றிலும் பருத்தி விளையும் கரிசல் நிலம். 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். பிறகு ஒன்றன் பின் ஒன்றாக நூற்பாலைகள் வந்தன. சிமென்ட் வந்தது. ராம்கோ என்ற பெயர் இந்த ஊரை விட்டு வெளியே போய்ப் பெரிதாக வளர்ந்தது. மில் சங்கு ஊதுவதைக் கேட்டு உலை வைத்த தலைமுறை இன்னும் இங்கே இருக்கிறது.

சம்பாதித்த பணம் பள்ளிக்கூடமாகவும் கல்லூரியாகவும் ஊருக்குள்ளேயே தங்கியதுதான் இந்த ஊரின் விசேஷம். பி.ஏ.சி.ஆர். பாலிடெக்னிக் 1963-ல் வந்தது. ராஜுக்கள் கல்லூரி 1973. ராம்கோ தொழில்நுட்பக் கல்லூரி 2013. கொஞ்சம் தள்ளி கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பல்கலைக்கழகம். பிள்ளையைப் பால்வாடியில் சேர்த்து இன்ஜினீயராக வெளியே எடுப்பது வரை வீட்டுச் சாப்பாட்டிலேயே முடித்துவிடலாம். அதற்குப் பிறகுதான் பிரச்னை. அதைப் பின்னால் பார்ப்போம்.

சென்னை மாகாணத்தின் பிரதமராக 1949-ல் பொறுப்பேற்று, குடியரசான பிறகு முதலமைச்சராக 1952 வரை இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா இந்த ஊர்க்காரர். பின்னாளில் ஒரிசா ஆளுநராகவும் இருந்தார். தன் வீட்டை ஊருக்கே கொடுத்தார். அதுதான் காந்தி கலை மன்றம். முதலமைச்சராக இருந்தவர் 1952 பொதுத் தேர்தலில் தோற்றார் என்பதும் வரலாறு. ஊருக்கு வருகிறவர்களிடம் பெரியவர்கள் இந்த இரண்டையும் சேர்த்தேதான் சொல்வார்கள்.

ஆனால் 'பணக்கார ஊர்' என்ற பெயரை நம்பி வந்து எல்லாத் தெருவும் ஒரே மாதிரி இருக்கும் என்று நினைக்கக் கூடாது. ராஜபாளையத்தை ஒட்டிய சத்திரப்பட்டி பக்கம் போனால் விசைத்தறிச் சத்தம் காதை அடைக்கும். ஆபரேஷன் தியேட்டரில் பயன்படுத்தும் காஸ் துணியும், காயத்தில் சுற்றும் பேண்டேஜும் அங்கேதான் நெய்யப்படுகின்றன. இந்தியாவில் எங்கேயாவது யாருக்காவது கட்டுப் போட்டிருந்தால், அந்தத் துணி இங்கிருந்து போனதாக இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. அதை ஓட்டுகிறவர்கள் கூலி உயர்வு கேட்டு அவ்வப்போது தறியை நிறுத்திவிட்டு உட்கார்வதும் உண்டு. இன்னொரு பக்கம் தளவாய்புரம். அது நைட்டி தைக்கும் ஊர். வீட்டு வாசலில் தையல் மெஷினைப் போட்டு, பீஸுக்கு இவ்வளவு என்று தைத்துத்தான் அங்கே பல பெண்கள் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள். ராஜபாளையத்தின் வசதியில் இவர்களின் இடுப்பு வலிக்கும் பங்கு உண்டு.

பன்னிரண்டு கிலோமீட்டரில் வேறு உலகம்

ராஜபாளையம் வேலைக்கு எழுந்திருக்கும் ஊர் என்றால், ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலுக்கு எழுந்திருக்கும் ஊர். 2011 கணக்குப்படி ராஜபாளையத்தில் 1 லட்சத்து 30 ஆயிரம் பேர்; ஸ்ரீவில்லிபுத்தூரில் அதில் பாதிக்குக் கொஞ்சம் கூட, 75 ஆயிரம். 11 நிலைகளும் 192 அடி உயரமும் கொண்ட அந்தக் கோபுரத்தைத் தாண்டி ஊருக்குள் எதுவும் நிமிர்ந்து நிற்காது. ஆடிப்பூரத் தேர் ஓடும் நாளில் சொந்தக்காரர் வீடுகளில் படுக்கப் பாய் கிடைக்காது. ஆண்டாளின் தோளில் தினமும் ஒரு புதுக் கிளி ஏறுகிறது. இலைகளையும் பூவையும் வைத்துக் கையால் கட்டும் கிளி அது. மறுநாள் இன்னொன்று. இப்படி அவசரமில்லாத ஒரு வேலையைத் தினமும் செய்கிற ஊருக்கு ஒரு நிதானம் இருக்கத்தானே செய்யும்?

ஓய்வுபெற்றவர்கள் பலர் ராஜபாளையத்தைவிட ஸ்ரீவில்லிபுத்தூரைத் தேர்ந்தெடுப்பது அந்த நிதானத்துக்காகத்தான். காலையில் கோயில், பிறகு 1875-ல் தொடங்கப்பட்ட பென்னிங்டன் நூலகத்தில் பேப்பர், திரும்பும் வழியில் காய்கறி. எல்லாமே நடக்கும் தூரம். மாவட்டத் தலைநகர் விருதுநகர் என்றாலும் மாவட்ட நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். கலெக்டரைப் பார்க்க விருதுநகர், ஜட்ஜைப் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர். இதனால் வக்கீல் வீடுகளும் இங்கே அதிகம்.

பால்கோவாவைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை. 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. பாலும் சர்க்கரையும் மட்டும்தான். விறகு அடுப்பில் சுண்டக் காய்ச்சுவார்கள். குடியேறி மூன்று மாதம் ஆன பிறகு நீங்களே அதைச் சாப்பிடுவதைக் குறைத்துவிடுவீர்கள். வெளியூர்ச் சொந்தக்காரர்களுக்கு வாங்கிக்கொண்டு போகத்தான் உதவும்.

மாம்பழம் அப்படி இல்லை. சித்திரை, வைகாசியில் சப்பட்டையும் பஞ்சவர்ணமும் தோப்பிலிருந்து வண்டியில் வந்து இறங்கும்போது, சென்னையில் பழக்கடையில் கார்பைடா, கல்லா என்று முகர்ந்து பார்த்து வாங்கியதெல்லாம் மறந்து போகும்.

யானை வரும் தோப்பு

மாம்பழம் நமக்கு மட்டும் பிடிக்கும் என்று யார் சொன்னது? மலையடிவாரத் தோப்புகளில் யானைகள் இறங்கி மாவையும் தென்னையையும் சாய்த்துவிட்டுப் போகும் செய்தி ராஜபாளையம், சேத்தூர், தேவதானம் பக்கத்திலிருந்து அடிக்கடி வரும். மலை முழுக்கக் காடு. சாம்பல் நிற அணிலுக்காக 1988-ல் அறிவிக்கப்பட்ட சரணாலயம், 2021-ல் மேகமலையோடு சேர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் ஆனது. நாட்டின் 51-வது புலிகள் காப்பகம், தமிழ்நாட்டின் ஐந்தாவது. பரப்பு ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேல்.

இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. 'மலையடிவாரத்தில் பண்ணை வீட்டு மனை, ஜன்னலைத் திறந்தால் அருவி' என்று வாட்ஸ்அப்பில் வரும் படத்தைப் பார்த்து முன்பணம் கொடுக்கிற நகரவாசிகள் பெருகிவிட்டார்கள். காட்டை ஒட்டிய நிலத்தில் என்ன கட்டலாம், வேலி போடலாமா, இரவில் விளக்கு எரிய விடலாமா என்று எல்லாவற்றுக்கும் விதி இருக்கிறது. டி.டி.சி.பி. அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல் வனத்துறை அலுவலகத்திலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. யானைக்கு அந்தப் பாதை பரம்பரைச் சொத்து. பத்திரம் காட்டி அதனோடு வாதாட முடியாது.

காவலுக்கு ராஜபாளையம் நாய் வளர்க்கலாமே என்று தோன்றும். வெள்ளை உடம்பு, ரோஸ் நிற மூக்கு. 2005-ல் இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்ட நான்கு இந்திய நாய் இனங்களில் இதுவும் ஒன்று. பன்றி வேட்டைக்குப் பழக்கிய இனம். ஓடுவதற்கு இடம் வேண்டும். வீட்டு ஆட்களைத் தவிர யாரையும் லேசில் அண்ட விடாது. இந்த இனத்தில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகளும் உண்டு என்பதால், வாங்கும்போது கை தட்டிப் பார்த்து வாங்க வேண்டும். சென்னையில் இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டில் இதை அடைத்து வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியை மட்டும் இரண்டு தடவை படிக்கலாம்.

வேலை எங்கே இருக்கிறது?

இப்போது அந்த 'பாப்போம்மா'வுக்கு வருவோம்.

இந்த ஊர் வருடா வருடம் இன்ஜினீயர்களை உருவாக்குகிறது. அவர்கள் பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறிப் போய்விடுகிறார்கள். மில் வேலை இருக்கிறது, சிமென்ட் ஆலை இருக்கிறது, பள்ளிக்கூடம், வங்கி, கடை எல்லாம் இருக்கின்றன. கணினி படித்தவனுக்கு? ராஜபாளையத்துக் குடும்பத்தின் ராம்கோ சிஸ்டம்ஸ் மென்பொருள் நிறுவனத்துக்கே தலைமையகம் சென்னையில்தான். இதைவிட வெளிப்படையான பதில் வேண்டுமா?

கொரோனா காலத்தில் இந்தக் கணக்கு சில மாதங்கள் தலைகீழானது. மாடி அறையில் லேப்டாப், கீழே அம்மா சமையல், மாலையில் சஞ்சீவி மலைப் பக்கம் நடை. வாடகை மிச்சம். அப்போது ஊருக்கு வந்தவர்களில் பலருக்குத் திரும்பிப் போகவே மனமில்லை. பிறகு அலுவலகங்கள் 'வாரம் மூன்று நாள் வர வேண்டும்' என்றன. மூன்று நாளுக்காகச் சென்னையில் ஒரு வீடு; இங்கே ஒரு வீடு. இரண்டுக்கும் கரன்ட் பில்.

அண்டை மாவட்டத்தில் ஒரு நம்பிக்கையான உதாரணம் உண்டு. தென்காசி அருகே மத்தளம்பாறையில் ஸோஹோ 2011-லேயே அலுவலகம் திறந்தது. தென்காசி, ராஜபாளையத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடும் தூரம்தான். விருதுநகர் அருகே இ.குமாரலிங்கபுரத்தில் பிரதமரின் மித்ரா ஜவுளிப் பூங்கா வருவதாக 2023-ல் அறிவிப்பு வந்தது. இவை ராஜபாளையத்துப் பிள்ளைகளை எத்தனை பேரை ஊரில் நிறுத்தும் என்பதைப் பொறுத்துத்தான் அந்த மாடி வீடுகளின் தலையெழுத்து. வீட்டிலிருந்தே முழுநேரமும் வேலை பார்க்கலாம் என்று எழுத்தில் வாங்கியவர்களும், சொந்தத் தொழில் செய்கிறவர்களும் தைரியமாக வரலாம். மற்றவர்கள் முதலில் மேலாளரிடம் பேசிவிட்டு அப்புறம் கொத்தனாரிடம் பேசுவது நல்லது.

வீடு கேட்டுப் போனால்

சொந்த வீடு இல்லாமல் வாடகைக்கு வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வாடகை குறைவுதான். சென்னையில் ஒரு அறைக்குக் கொடுப்பதில் இங்கே முற்றம் வைத்த வீடே கிடைக்கலாம். ஆனால் வீட்டுக்காரர் கேட்கும் முதல் கேள்வி சம்பளத்தைப் பற்றியதாக இருக்காது. "நீங்க எந்த ஊர்க்காரங்க?" என்பார். அடுத்தது, "அங்க எந்தத் தெரு?" மூன்றாவது கேள்வி என்னவென்று இரண்டாவதிலேயே புரிந்துவிடும். தென் மாவட்டத்துச் சிறு நகரங்கள் எல்லாவற்றிலும் இருக்கிற வழக்கம் இது, ராஜபாளையமும் விலக்கில்லை. நிதானமான ஊர், நல்ல மனிதர்கள், நல்ல தண்ணீர் என்று பாராட்டிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாக இருக்காது. வீடு தேடி நாலு தெரு அலைந்தும் காரணமே சொல்லாமல் "ஏற்கெனவே ஆள் வந்துட்டாங்க" என்ற பதிலோடு திரும்பியவர்களுக்கு, ஜன்னலில் மலை தெரிந்தென்ன, தெரியாவிட்டால் என்ன?

பெருநகரத்தில் வளர்ந்த மருமகள்களுக்கும் கொஞ்ச நாள் திணறல் இருக்கும். ராத்திரி ஒன்பது மணிக்குத் தனியாக ஸ்கூட்டரில் போனால் மறுநாள் காலைக்குள் மாமியாருக்குத் தகவல் வந்திருக்கும். "உங்க மருமகளை பஜார்ல பார்த்தேன், நல்லா வண்டி ஓட்டுறா" என்று பாராட்டாகத்தான் சொல்வார்கள். இருந்தாலும் தகவல் தகவல்தான். அதே தெரு, மழை நாளில் குழந்தையைப் பள்ளியிலிருந்து கூட்டி வர ஆளில்லை என்றால் கேட்காமலேயே போய்க் கூட்டி வரும். இரண்டும் ஒரே கண்கள்தான்.

இரவு இரண்டு மணிக்கு நெஞ்சு வலித்தால்

வயதானவர்களை வைத்துக்கொண்டு யோசிக்கிறவர்களுக்கு இதுதான் பெரிய கேள்வி. இரண்டு ஊர்களிலும் அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன, தனியார் மருத்துவமனைகளும் இருக்கின்றன. விருதுநகரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது பெரிய ஆறுதல். என்றாலும் இதயம், மூளை என்று பெரிதாக ஏதாவது வந்தால் "மதுரைக்குக் கொண்டு போயிருங்க" என்பதுதான் இன்றும் காதில் விழும் வார்த்தை. அது கிட்டத்தட்ட இரண்டு மணி நேரப் பயணம். கொல்லம் - திருமங்கலம் நெடுஞ்சாலை நான்கு வழியாக முழுதும் மாறினால் அந்த நேரம் குறையும். வழியில் கப்பலூர் டோல்கேட் என்றால் இந்தப் பக்கத்து மக்களுக்கு எவ்வளவு கோபம் என்பது தனிக்கதை. 2019-ல் அடிக்கல் நாட்டப்பட்ட தோப்பூர் எய்ம்ஸ் முழு மருத்துவமனையாக இயங்கத் தொடங்கினால், மதுரை நகருக்குள் நுழையாமலேயே சிகிச்சை பார்த்துவிடலாம்.

தனியாக இருக்கும் பெற்றோருக்கு அந்த இரண்டு மணி நேரம் என்பது கிலோமீட்டர் கணக்கு இல்லை; வண்டி ஓட்ட யார் இருக்கிறார்கள் என்ற கணக்கு. சென்னையிலிருந்து மகன் கிளம்பி வந்து சேர ஓர் இரவு ஆகும். மாடியில் இருந்தால் பத்துப் படிகள்.

குடியேறலாமா என்று யோசிக்கிறவர்கள் பொங்கலுக்கோ ஆடிப்பூரத்துக்கோ வந்து பார்த்துவிட்டு முடிவு எடுக்காதீர்கள். அப்போது எந்த ஊரும் அழகாகத்தான் இருக்கும். மே மாதத்தில் வாருங்கள், இரண்டு வாரம் தங்குங்கள். வெயில் எப்படி, குழாயில் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு முறை, மாடி அறையில் இன்டர்நெட் நிற்கிறதா, மதியம் கரன்ட் போனால் எப்போது வருகிறது என்று எல்லாம் தெரிந்துவிடும். மாம்பழமும் அப்போதுதான் கிடைக்கும்.

ஞாயிறு மாலை ராஜபாளையம் ஸ்டேஷனில் சென்னை வண்டிக்குக் காத்திருக்கும் கூட்டத்தில் ஒயர் கூடை இல்லாத கையைப் பார்ப்பது கஷ்டம். ஒரு கூடையில் மாம்பழம், அதன் மேல் பேப்பர் சுற்றிய பால்கோவா. வண்டி நகரும்போது பிளாட்பாரத்தில் கூடவே நடந்து வரும் அம்மாக்கள் ஜன்னல் வழியாகச் சொல்வதும் ஒன்றேதான்: "அந்த மாடி விஷயத்தை யோசிச்சுப் பாருய்யா."